சின்ன வண்டியும் பெரிய குடும்பமும்

2015-ஆம் ஆண்டு, நோன்பு பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், நான் ஒரு சிறிய கார் வாங்கினேன். புதியதன்று, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. மதரஸா ஆசிரியனின் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமும், என் மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமும் சேர்ந்து அந்த வண்டியாக எங்கள் வாசலில் வந்து நின்றன. உறவினர் பலரும் வந்து பார்த்தார்கள், வாழ்த்தினார்கள், துஆச் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாருமே ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதில் எத்தனை பேர் போகலாம்?"

பிரேக் எப்படி, டயர் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று நான் பெருமிதத்தோடு அளித்த விடை, "நெருக்கி உட்கார்ந்தால் எத்தனை பேரும் போகலாம்" என்பதாகும். அந்த விடையின் விலையை இரண்டு ஆண்டுகள் கழித்து என் நான்கு வயது மகள் கொடுத்தாள். அதைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

கார் வருவதற்கு முன் பத்து ஆண்டுகள் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது ஒரு ஸ்கூட்டர். மூத்த மகன் முன்னால் நிற்பான். எனக்கும் மனைவிக்கும் நடுவில் பெரிய மகள். மனைவி ஒரு பக்கமாக அமர்ந்து, கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்திருப்பாள். ஐந்து உயிர்கள், இரண்டு சக்கரங்கள்! ஒரு கார்த்திகை மாத இரவில், காய்ச்சலில் தகித்த கைக்குழந்தையோடு கொட்டும் மழையில் பட்டுக்கோட்டைக்குச் சென்றோம். எதிரே வந்த லாரியின் விளக்கொளியில் கண் கூசி, சாலையோரம் நிறுத்திவிட்டு நடுங்கியபடி நின்றோம். "இப்படி இனி வேண்டாம்" என்று மனைவி சொன்னது அந்த இரவில்தான்.

இத்தகைய ஒரு காட்சியே நானோ கார் பிறப்பதற்குக் காரணமாயிற்று என்று ரத்தன் டாட்டா கூறியதுண்டு. மழையில் ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே செல்வதைக் கண்டு, அவர்களுக்கு எட்டும் விலையில் ஒரு கார் வேண்டும் என எண்ணினார். 2008 ஜனவரியில் டெல்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில், ஒரு இலட்ச ரூபாய்க் கார் என்ற அறிவிப்போடு அது உலகுக்குக் காட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.1 மீட்டர், எஞ்சின் 624 சி.சி.; எடை ஏறத்தாழ 600 கிலோ. அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் என்ற கனவைத் திறந்துவிட்டிருந்தது. ஜப்பானின் நெருக்கமான தெருக்களுக்காக சுசூகி நிறுவனம் செய்த சிறு காரின் வழியில் வந்த வண்டி அது. இன்று அவ்விரண்டு வண்டிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆயினும் அவை வளர்த்த ஆசை நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிறு காரின் நன்மைகளை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் தெரு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் தெரு. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பள்ளிவாசல் திடலில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். என் வண்டியோ வீட்டு வாசல் வரை வரும். வந்த இடத்திலேயே திரும்பும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். பழுது பார்க்கும் செலவும் கைக்கு அடங்கும். முழங்கால் வலியால் அவதியுற்ற என் உம்மாவை மருத்துவமனைப் படி வரை கொண்டுபோய் இறக்க முடிந்தது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அந்த வண்டிதான் அவளைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இன்று என்னிடமே ஓத வருகிறான்.

தீமை வண்டியோடு வரவில்லை. என் வாயோடு வந்தது. "இடமில்லை" என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரியவில்லை.

நம் குடும்பங்களில் இது எத்தகைய சொல் என்பது வாசகர்களுக்குத் தெரியும். விருந்துக்கு ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் சஹனைச் சுற்றிச் சற்று நெருக்கி உட்காருகிறோம். வீட்டுக்குப் பத்துப் பேர் வந்துவிட்டால் பாயை விரித்துக் கூடத்தில் படுக்கிறோம். இடம் என்பது மனத்தில்தான் இருக்கிறது என்றே வளர்க்கப்பட்டோம். அந்த நல்ல பழக்கத்தை அப்படியே காருக்குள் கொண்டுபோனோம். பாயில் நெருங்கிப் படுத்தால் புழுக்கம் மட்டுமே. ஓடும் வண்டியில் நெருங்கி உட்கார்ந்தால் உயிருக்கே கேடு என்ற வேறுபாடு எங்களுக்குத் தோன்றவில்லை.

2017 டிசம்பரில் நாகூரில் ஒரு நிக்காஹ். வெளிநாட்டில் இருந்த மச்சான் வர இயலவில்லை. முதல் நாள் இரவு ராத்தா வந்து, "தம்பி, நானும் மகளும் உன் வண்டியிலேயே வந்துவிடுகிறோம்" என்றார். "வாங்க ராத்தா, அதற்கென்ன!" என்றேன். காலையில் புறப்படும்போது எண்ணினால் நாங்கள் எட்டுப் பேர். முன்னால் நான்; அருகே மனைவி; அவள் மடியில் சின்னவள். பின்னால் உம்மா, ராத்தா, ராத்தாவின் மகள், என் மகன். அவர்கள் மடிகளில் மாறி மாறிப் பெரிய மகள். கூரையின் மேல் சீர்ச் சாமான் பெட்டி ஒன்று, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பின் இருக்கையின் சீட் பெல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தன. முன்னால் மனைவியின் பெல்ட், பிள்ளை மடியில் இருந்ததால் போடப்படவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அப்பகுதியில் இருவழிச் சாலை. நடுவே தடுப்புக் கிடையாது. முத்துப்பேட்டையைக் கடந்து திருத்துறைப்பூண்டியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். ஐம்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். எதிரே ஒரு லாரி வந்தது. அதன் பின்னிருந்து ஒரு பேருந்து திடீரென விலகி, எங்கள் பக்கத்தை முழுமையாக அடைத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்தேன். தினமும் தனியே ஓட்டும்போது நிற்கும் தொலைவில் வண்டி நிற்கவில்லை. சுமை அதைத் தள்ளிக்கொண்டே போயிற்று. இடப்பக்கம் ஒடித்தேன். சாலை விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிய சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு சீமைக் கருவேல மரத்தில் முட்டி நின்றது. பேருந்து நிற்காமலே போய்விட்டது.

முட்டியபோது வேகம் மிகவும் குறைந்திருந்தது. வண்டியின் முன்பக்கம் சிறிதளவே நசுங்கியது. ஆனால் சின்னவளின் முகம் முன்பலகையில் மோதியது. முன்பற்கள் இரண்டும் போயின. தாடையில் நான்கு தையல்கள். அவள் அழுத குரலைக் காட்டிலும், "என் கையிலேதானே இருந்தாள், என் கையிலேதானே இருந்தாள்" என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொன்ன குரல்தான் இன்றும் என் செவியில் கேட்கிறது.

மருத்துவர் வயது முதிர்ந்தவர். தையலிட்டு முடித்தபின் என்னைத் தனியே அழைத்தார். "பாய், தப்பாக நினைக்காதீர்கள். முன் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, அடி வரும்போது பிள்ளையைக் கேடயமாகப் பிடிப்பதுபோல. பின்னாலிருந்து தாயின் எடையும் சேர்ந்து பிள்ளையை நசுக்கும். இன்று உங்களுக்குப் பற்களோடு போயிற்று" என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுமானால், பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கைகளால் அதைப் பிடித்து நிறுத்த முடியும்? பாசம் எத்தனை வலியதானாலும் எலும்புக்கு ஓர் அளவு உண்டு.

அதற்கு அடுத்த வாரம் மதரஸாவில் தவக்குல் பற்றிய பாடம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பாரம் போடலாமா என்று கேட்டவரின் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாடம். அன்று என்னால் தொடர முடியவில்லை. என் ஒட்டகத்துக்குக் கயிறு இருந்தது; அது இருக்கைக்கு அடியில் கிடந்தது. சீர்ச் சாமான் பெட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டிய நான், பெற்ற பிள்ளையைக் கட்டாமல் விட்டேன்! பிள்ளைகளிடம் பாடத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு எழுந்தேன்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். விசையும் வேகமும் எனக்கு அந்நியமானவை. சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பொறியியல் பயின்று பணியில் இருக்கிறார். அவர் என்னைக் காண வந்தபோது, சிறிய கார் ஆபத்தானதுதானா என்று கேட்டேன். அவர் கேரம் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். "ஹஜ்ரத், கனமான ஸ்டிரைக்கர் காயை அடிக்கும்போது எது தெறித்து ஓடுகிறது?" என்று கேட்டார். "காய்" என்றேன். "அந்தக் காய்தான் உங்கள் கார்" என்றார்.

பிறகு தாளில் எழுதிக் காட்டினார். சம எடையுள்ள இரு கார்கள், தலைக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் நிற்கும். இரண்டிலும் வேகம் ஐம்பது குறையும். ஒன்று ஒரு டன், மற்றது இரண்டு டன் என்றால், சிறிய வண்டி நிற்பதோடு முடியாது, பின்னோக்கித் தள்ளப்படும். அதில் இருப்பவர்களுக்கு வேக மாற்றம் ஏறத்தாழ 67 கிலோமீட்டர். பெரியதில் இருப்பவர்களுக்கு 33 மட்டுமே. எதிரே வருவது பதினைந்து டன் பேருந்தானால்? சிறு காருக்கு ஏறத்தாழ 94. பேருந்துக்கு வெறும் 6. பேருந்தில் தூங்குபவர் விழித்துக்கொள்வார். காரில் இருப்பவர் கண் விழிக்க மாட்டார். இதில் சாரதியின் திறமைக்கோ, தயாரித்தவரின் பெயருக்கோ இடமில்லை. எடை ஒன்றே பேசுகிறது.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2009-இல் இதைச் செய்தே காட்டியது. ஸ்மார்ட் என்னும் இருவர் மட்டுமே அமரும் மிகச் சிறிய காரை, மெர்சிடிஸ் சி கிளாஸ் காரோடு, இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்படி மோதவிட்டார்கள். தடுப்புச் சுவரில் மோதவிட்ட சோதனையில் நற்பெயர் பெற்ற வண்டிதான் அந்தச் சிறு கார். ஆயினும் பெரியதோடு மோதியபோது தூக்கி எறியப்பட்டுச் சுழன்றது. உறுதியான பெட்டியே ஆனாலும் இலேசான பெட்டி இலேசானதுதான்.

உறுதியும் இல்லாவிட்டால் நிலை இன்னும் மோசம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாக மோதவிட்டுச் சோதித்தது. நானோவும் ஆல்டோ 800-உம் அவற்றில் அடக்கம். ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துமே, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதேவேளை, அவற்றுள் ஒன்றான போலோ, முன்பக்கம் இரண்டு காற்றுப்பைகளுடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. அதன் உடல் மோதலைத் தாங்கி நின்றதால் காற்றுப்பை பயன்பட்டது. சிறியது என்பதாலேயே ஒரு வண்டி சவப்பெட்டி ஆகிவிடுவதில்லை. எப்படிச் செய்யப்பட்டது என்பதும் உண்டு என இதிலிருந்து விளங்குகிறது.

அந்நாள் தொட்டு நிலைமை மாறியிருக்கிறது. 2017 அக்டோபரிலிருந்து புதிய வகைக் கார்களுக்கு மோதல் சோதனை விதி வந்தது. 2019 ஜூலையிலிருந்து சாரதிக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. பின்னர் முன்னிருக்கைப் பயணிக்கும் கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற பெயரில் நட்சத்திரத் தரம் வழங்கப்படுகிறது. ஆனால் நம்மில் பலர் வாங்குவது என்னைப்போல் இரண்டு கை மாறிய பழைய வண்டி. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, காற்றுப்பை உண்டா, பின் இருக்கையில் பெல்ட் இழுத்தால் வருகிறதா என்று பார்க்காமல், பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

இவ்வளவையும் கேட்டபின் என் மனைவி, "அப்படியானால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் ஸ்கூட்டருக்கே போய்விடலாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மத்திய அரசின் கணக்கின்படி 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். சிறு காரில் மேலே கூரையும் சுற்றிலும் தகடும் கட்டிக்கொள்ள வாரும் உண்டு. ஸ்கூட்டரில் உடம்பே தகடு. ஆகவே திரும்பிப் போவது தீர்வன்று.

ராத்தா வேறொரு யோசனை சொன்னார்: "பெரிய வண்டியாக வாங்கிவிடு தம்பி. தவணையில் கொடுக்கிறார்களே!" தவணை என்றால் வட்டி. அந்த வாசலை நான் மிதிப்பதில்லை என்பது ராத்தாவுக்கும் தெரியும். என் மீதுள்ள பாசத்தால் சொன்னார். தவிரவும், பெரிய வண்டி தனியே யாரையும் காப்பதில்லை. 2022 செப்டம்பரில் மும்பைக்கு அருகே பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். அவர் சென்றது விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார். பின் இருக்கையில் பெல்ட் அணியாதிருந்த இருவரும் இறந்தனர். முன் இருக்கையில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர். கட்டாத கயிற்றுக்குப் பெரிய ஒட்டகம், சின்ன ஒட்டகம் என்ற பேதமில்லை.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? வண்டியை அதன் அளவுக்கு மதிப்பதுதான். ஐந்து பேருக்கு என்று செய்யப்பட்ட வண்டியில், ஆளுக்கு 65 கிலோ வைத்தால் 325 கிலோ. அன்று நாங்கள் ஏற்றிய சுமை நானூறைத் தாண்டியிருந்தது. அது வண்டியின் சொந்த எடையில் பாதிக்கும் மேல். சுமை கூடினால் நிற்கும் தொலைவு கூடுகிறது. சிறிய டயர்கள் சூடேறுகின்றன; சாலைக் குழிகளில் முழுமையாக இறங்குகின்றன. கூரையில் பாரம் ஏற்றினால், திருப்பத்தில் வண்டி சாயத் துடிக்கிறது. வேகமோ இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஊருக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உத்தமமாக ஓடும் அதே வண்டியை, நெடுஞ்சாலையில் பேருந்தோடு பந்தயம் விடுவது வண்டியின் குற்றமாகாது. ஜப்பானில் 3.4 மீட்டர் நீளத்துக்கு மிகாத சிறு கார்கள், விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அவற்றில் நான்கு பேருக்கு மேல் அமர அனுமதி இல்லை.

எங்கள் வீட்டில் அன்று முதல் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். எத்தனை பெல்ட் உண்டோ அத்தனை பேர்தான். பிள்ளைகள் பின் இருக்கையில். மடியில் யாரும் இல்லை. சின்னவளுக்கென்று தனி இருக்கை வாங்கிப் பொருத்தினோம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்க வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். கூரையில் பெட்டி ஏற்றுவதில்லை. தொலைதூரக் கல்யாணங்களுக்கு இரயில் அல்லது பேருந்து. ஆள் அதிகமானால் நான்கு குடும்பங்கள் கூடி ஒரு வேன்.

இவை யாவும் எளிதாயின. கடினமானது ஒன்றுதான். அடுத்த கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு ராத்தா வழக்கம்போல் வந்தார். "நாங்கள் இரண்டு பேர் வருகிறோம் தம்பி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. வாப்பா மவுத்தான பிறகு தம் நகையைக் கொடுத்து என்னைப் பட்டப்படிப்புப் படிக்கவைத்தவர் அவர். "ராத்தா, வண்டியில் இடமில்லை" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் முதன்முறையாகச் சொன்ன "இல்லை" அதுதான். அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீரையும் குடிக்காமல் போய்விட்டார். அந்தக் கல்யாணத்தில் என்னோடு பேசவுமில்லை.

பத்து நாள்களுக்குப் பிறகு சின்னவளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவளை மடியில் அமர்த்தி முகத்தைத் தடவிய ராத்தாவின் விரல், தாடையில் இருந்த தழும்பில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு, "அன்றைக்கு நான் வராதிருந்தால், இவள் பின்னாலே உட்கார்ந்திருப்பாள், இல்லையா தம்பி?" என்று கேட்டார். "உங்கள் மேல் குற்றமில்லை ராத்தா. இல்லை என்று சொல்லாத நான்தான்" என்றேன். சென்ற ஆண்டு அவருடைய பேரனின் கத்னாவுக்கு எல்லாரும் வேனில் போனோம். ஏறும்போது ராத்தாதான் ஒவ்வொருவராக எண்ணினார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் வருவாய்க்குச் சிறிய வண்டிதான் எட்டும் என்றால் அதில் இழிவு ஏதுமில்லை. அது மழைக்குக் குடை, நோயாளிக்குத் துணை, ஏழையின் மரியாதை. ஆனால் அதன் வாசலில் நின்று, "நெருக்கி உட்காருங்கள்" என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் நிதானிப்போம். விருந்தில் இடம் கொடுப்பது நம் பண்பு. வண்டியில் இடமில்லை என்று சொல்வதும் அந்தப் பண்பின் ஒரு பகுதியே. வந்தவர்களை மனம் கோணாமல் அழைத்துப்போக வேறு வழி தேடுவோம். வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.